ஃபைனல்னு லெட்டர் வந்ததும் நாங்க விட்டுட்டோம், நீங்க விட்டுடாதீங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

அம்பத்தூர்ல இருந்து எழுதறேன். எங்களுக்கு எவர்சில்வர் பாத்திர வேலை. அப்பா முப்பது வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச யூனிட், ரெண்டு பவர் பிரஸ், ஒரு ஸ்பின்னிங் லேத், பாலிஷ் மோட்டார் ரெண்டு, ஆளுங்க எட்டு பேர். பில்லு, ஜிஎஸ்டி, மெயில் எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு ரொம்ப வருஷமா வருது. புவிசார் குறியீடு கிடைச்சா பெரிய செய்தியா போடறீங்க, யாராவது பேட்டன்ட் வாங்கினா போட்டோவோட போடறீங்க, படிக்க சந்தோஷமா இருக்கு. ஆனா டிசைன்னு ஒண்ணு இருக்கு, ஒரு பொருளோட உருவத்துக்கு, வளைவுக்கு, கண்ணுக்கு அது எப்படி தெரியுதுங்கறதுக்கு வாங்கற உரிமை, அதப்பத்தி ஒரு வரி கூட நான் படிச்ச ஞாபகம் இல்ல. பாத்திரம், நகை, ஃபர்னிச்சர், விளக்கு, பொம்மைன்னு நம்ம ஊர்ல பண்ற எத்தனையோ பேருக்கு பேட்டன்ட்ட விட இதுதான் சரிப்பட்டு வரும். அதுலயும் அப்ளிகேஷன் போட்டு பேட்டன்ட் ஆபீஸ்ல இருந்து மறுப்பு வந்தா அதுக்கப்புறம் என்ன பண்ணலாங்கறத யாருமே சொல்றதில்ல. எங்களுக்கும் சொல்லல. அதனால எங்க கையை விட்டுப் போனது என்னன்னு எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், வெட்டாம போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

அப்பா பண்ணது ஒரு மூணடுக்கு டிபன் கேரியர். சாதாரண கேரியர்ல டப்பா நேரா இருக்கும், ரெண்டு பக்கம் பட்டை, மேல பிடி, கொக்கி, அவ்ளோதான். அப்பாவோடதுல ஒவ்வொரு டப்பாவும் நடுவுல லேசா உப்பி மேலயும் கீழயும் ஒடுங்கி இருக்கும், மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா பழைய வீடுகள்ல அடுக்குப்பானை வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி தெரியும், பக்கத்துப் பட்டையும் அந்த உப்பலோடயே வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். மூடி மேல ஒரு குமிழ், அந்தக் குமிழைச் சுத்தி மெல்லிசா ஒரு காடி. இந்தக் காடிய ஞாபகம் வெச்சுக்கோங்க, எல்லாம் அதுலதான் போச்சு. டை, அதாவது அச்சு, அடிக்க மட்டும் ரெண்டரை லட்சம் ஆச்சு, 304 கிரேடு தகடு, உப்பல் வர்ற இடத்துல கிழிஞ்சு கிழிஞ்சு எத்தனை வட்டத் தகடு வீணாச்சுன்னு அப்பாவுக்குதான் தெரியும், ராத்திரி பதினோரு மணிக்கு கூட பிரஸ் கிட்ட நின்னுட்டு இருப்பார்.

2022 பிப்ரவரில இந்தியாவுல டிசைன் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு போட்டோம், அப்பா பேர்ல. டிசைன்ஸ் ஆக்ட் 2000-னு சட்டம், தனி ஆளுக்கு கவர்மென்ட் ஃபீஸ் 1000 ரூபாதான், பதிவாச்சுன்னா 10 வருஷம், அதுக்கு மேல 5 வருஷம் நீட்டிக்கலாம். கிண்டி ஜிஎஸ்டி ரோட்டுல இருக்கற பேட்டன்ட் ஆபீஸ்லயே அப்ளிகேஷன் கொடுக்கலாம், ஆனா பரிசோதிச்சுப் பாக்கறது எல்லாம் கொல்கத்தால. அங்க இருந்து படம் தெளிவா இல்லன்னு ஒரு ஆட்சேபம் வந்துச்சு, திருத்தி அனுப்பினோம், சர்டிஃபிகேட் வந்துடுச்சு. அப்பா அத ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்கு பக்கத்துல மாட்டியிருக்கார்.

அத்தை பையன் நியூஜெர்சில இருக்கான், அங்க நம்ம ஆளுங்க எவர்சில்வர் கேரியர் தேடறாங்க, ஆன்லைன்ல போட்டா போகும்னு சொன்னான். இந்தியால போட்ட தேதில இருந்து 6 மாசத்துக்குள்ள வெளிநாட்டுல போட்டா இங்க போட்ட தேதியே அங்கயும் செல்லும், அதனால ஜூலையிலேயே அமெரிக்காவுல போட்டாச்சு. அங்க இதுக்கு பேரு டிசைன் பேட்டன்ட். கிடைச்சா, கொடுத்த நாள்ல இருந்து 15 வருஷம், நடுவுல ரென்யூவல் ஃபீஸ் எதுவும் கிடையாது. அந்த வருஷம் தீபாவளிக்கே கேரியர் அங்க விக்க ஆரம்பிச்சுட்டோம், போட்டோ எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சு.

அமெரிக்க டிசைன் அப்ளிகேஷன்ல எழுத்து ரொம்பக் கம்மி. உரிமை கேக்கறது ஒரே ஒரு வாக்கியம், படத்துல காட்டியிருக்கற டிபன் கேரியரோட அலங்கார வடிவம், அவ்ளோதான். மிச்சம் எல்லாத்தையும் படம்தான் பேசணும். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, மேல, கீழ, அப்புறம் சாய்வா ஒரு பார்வை. கெட்டிக்கோடு போட்டா அது நம்ம உரிமை, புள்ளிக்கோடு போட்டா அது உரிமைக்கு வெளிய, சும்மா பின்னணிக்கு காட்டறது. ஒரு படத்துல இருக்கறது இன்னொரு படத்துல இல்லன்னா எது நிஜம்னு எக்ஸாமினர், அதாவது அப்ளிகேஷன பரிசோதிக்கற அதிகாரி, கேப்பார், கேக்கறது நியாயம்தான்.

2023 நவம்பர்ல முதல் லெட்டர் வந்துச்சு. முன்பக்க படத்துல குமிழைச் சுத்தி காடி இருக்கு, மேல இருந்து பாக்கற படத்துல இல்ல, அதனால வடிவம் என்னன்னு உறுதியா புரியலன்னு ரிஜெக்ட். நான் பிரிண்ட் எடுத்து சாப்பாட்டு மேஜைல ஏழு தாளையும் பரப்பி வெச்சேன், அப்பா நிஜ கேரியர நடுவுல வெச்சுட்டு, டை வேலைக்கு வெச்சிருக்கற பூதக்கண்ணாடிய எடுத்து ஒவ்வொரு தாளா பாத்தார். மேல் படத்துல குமிழ் ஒரு வட்டம், மூடி ஒரு வட்டம், நடுவுல காடிக்கு வரவேண்டிய வட்டம் இல்லவே இல்ல. ஒரு கோடு. முடி கனம் கூட இருக்காது. அப்பா அந்த இடத்துல நகத்தால ஒரு கீறல் போட்டு, இங்கதாம்மா வரணும்னார்.

அந்தக் கோட்ட சேத்து பதில் அனுப்பினாங்க. எங்களுக்கு இந்த அப்ளிகேஷன் வேலை பாத்த ஏஜென்ட் யாருன்னு இங்க சொல்லப்போறதில்ல, அவர் கெட்ட எண்ணத்துல எதுவும் பண்ணல. ஆனா படம் திருத்தினவங்க காடிய மட்டும் சேக்காம, மூடியோட விளிம்புலயும் ஒரு கோட்ட இழுத்துட்டாங்க, முதல்ல கொடுத்த எந்தப் படத்துலயும் இல்லாத கோடு. அமெரிக்க சட்டப்படி அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கு என்ன காட்டினோமோ அதுக்கு மேல புதுசா எதையும் பின்னாடி சேக்கக் கூடாது. 2024 ஏப்ரல்ல ரெண்டாவது லெட்டர், மேல ஃபைனல்னு போட்டு.

போன்ல ஏஜென்ட் எங்ககிட்ட சொன்னது இதுதான். ஃபைனல் ரிஜெக்‌ஷன் வந்துடுச்சு, சாதா பேட்டன்ட்டா இருந்தா ஆர்சிஇன்னு போட்டு மறுபடி பரிசோதிக்கச் சொல்லலாம், டிசைனுக்கு ஆர்சிஇ கிடையாது, அப்பீல்தான் போகணும், செலவு ஜாஸ்தி, விட்டுடறது நல்லது. இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல சார், டிசைனுக்கு ஆர்சிஇ நிஜமாவே கிடையாது. ஆனா இருக்கற வழிய சொல்லல. அப்பா ரெண்டு நாள் யோசிச்சார், அந்த மாசம் தகடு விலை வேற ஏறியிருந்துச்சு, சரி விட்டுடலாம்னுட்டார். மேற்கொண்டு நடத்த விருப்பமில்லன்னு மெயில் டைப் பண்ணி அனுப்பினது நான்தான்.

போன வருஷம் பெரம்பூர்ல ஒரு கல்யாணத்துல சித்தி பொண்ணு பக்கத்துல உக்காந்து சாப்ட்டேன். அவ தரமணில பேட்டன்ட் படம் வரையற கம்பெனில வேலை பாக்கறா, வெளிநாட்டு வக்கீல்களுக்கு இங்க இருந்து படம் போட்டுத் தர்ற கம்பெனி. பேச்சுவாக்குல எங்க கதைய சொன்னேன். இலைல பாயசம் ஊத்திட்டு இருக்காங்க, அவ கைய அப்படியே நிறுத்திட்டு, ஏன்க்கா சிபிஏ போடலன்னு கேட்டா. எனக்கு அது என்னன்னே தெரியல. அன்னைக்கு ராத்திரி அவ சொன்னதையும், அதுக்கப்புறம் நானே உக்காந்து அமெரிக்க ஆபீஸோட விதிகள வரி வரியா படிச்சதையும்தான் இப்ப எழுதறேன்.

சிபிஏன்னா கன்டின்யூட் ப்ராசிக்யூஷன் அப்ளிகேஷன். நடந்துட்டு இருக்கற அப்ளிகேஷன அதே ஃபைல்ல, அதே நம்பர்ல, திரும்ப முதல்ல இருந்து பரிசோதிக்க வைக்கறது. ஒரு காலத்துல எல்லா பேட்டன்ட்டுக்கும் இது இருந்துச்சு, ஆர்சிஇ வந்த பிறகு தேவையில்லன்னு 2003 ஜூலை 14-ல இருந்து மத்ததுக்கு எல்லாம் எடுத்துட்டாங்க, டிசைனுக்கு மட்டும் விட்டு வெச்சிருக்காங்க, ஏன்னா டிசைனுக்குதான் ஆர்சிஇ இல்லையே. அதாவது எங்களுக்கு இல்லன்னு சொன்ன அந்த கதவுக்கு பக்கத்துலயே இன்னொரு கதவு, டிசைன்காரங்களுக்குன்னே, இருபது வருஷத்துக்கு மேல தொறந்தே இருந்திருக்கு. நம்ம பிள்ளைங்க காலேஜ்ல அரியர் எழுதறாங்கல்ல, அதே ரிஜிஸ்டர் நம்பர், எக்ஸாம் ஃபீஸ் மட்டும் திரும்ப கட்டணும், கிட்டத்தட்ட அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இதுல ஒரு விஷயம் பயமுறுத்தும், நானும் படிக்கும்போது பயந்தேன். சிபிஏ போட்டா முந்தின அப்ளிகேஷன அன்னையோட கைவிட்டதா ஆயிடும்னு விதில இருக்கு. கைவிடறதுங்கற வார்த்தைய பாத்ததும் எல்லாம் போச்சுன்னு தோணும். ஆனா பழைய தேதி போகாது, சிபிஏ கேட்டு கொடுக்கற அந்த விண்ணப்பமே முந்தினதோட தொடர்ச்சிங்கறதுக்கு போதும், அதுக்குன்னு தனியா எதுவும் எழுத வேண்டாம். எங்க விஷயத்துல 2022 பிப்ரவரி தேதி அப்படியே நின்னிருக்கும், நாங்க தீபாவளிக்கு வித்தது, ஆன்லைன்ல போட்டோ போட்டது எதுவும் எங்களுக்கு எதிரா வந்திருக்காது.

எப்ப வரைக்கும் போடலாங்கறதுதான் உயிர்நாடி. முந்தின அப்ளிகேஷன் உயிரோட இருக்கணும், பேட்டன்ட் கொடுக்க அவங்க சம்மதிச்ச பிறகு கட்டற இஷ்யூ ஃபீய கட்டறதுக்கு முன்னாடி போடணும். ஃபைனல் லெட்டர்ல பதிலுக்கு 3 மாசம் கொடுப்பாங்க, அது முடிஞ்சாலும் காலநீட்டிப்பு ஃபீஸ் கட்டி 6 மாசம் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது. எங்க லெட்டர் 2024 ஏப்ரல், அப்படின்னா அக்டோபர் வரைக்கும் எங்களுக்கு டைம் இருந்திருக்கு. அந்த ஆகஸ்ட், செப்டம்பர்ல நாங்க கேரியர் வேற கலர் அட்டைப்பெட்டில போடலாமான்னு பேசிட்டு இருந்தோம்.

காச பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா செலவு ஜாஸ்தின்னுதான் விட்டோம். சிபிஏவுக்கு புது அப்ளிகேஷன் மாதிரியே ஃபைலிங், சர்ச், எக்ஸாமினேஷன் மூணு ஃபீஸும் திரும்ப கட்டணும். 2024-ல அது மூணும் சேத்து 1020 டாலர், ஆனா சின்ன நிறுவனத்துக்கு 408, மைக்ரோ என்டிட்டின்னு ஒரு வகை இருக்கு, வருமானம் ஒரு அளவுக்குள்ள இருக்கணும், ஏற்கனவே நாலு அப்ளிகேஷனுக்கு மேல பேர் இருக்கக் கூடாது, அந்த வகைக்கு 204 டாலர்தான். அப்பா அதுல வந்திருப்பார். அன்னைக்கு ரேட்டுக்கு சுமார் 17 ஆயிரம் ரூபா, வக்கீல் ஃபீஸ் தனி. 2025 ஜனவரி 19-ல இருந்து ஏத்திட்டாங்க, இப்ப 1300, 520, 260 டாலர். இதுல இன்னொண்ணு, முதல்ல சின்ன நிறுவனம்னு சொல்லியிருந்தாலும் சிபிஏ போடும்போது திரும்பவும் சொல்லணும், தானா வராது.

சரி, ஃபீஸ் மட்டும் கட்டிட்டா போதுமான்னா போதாது. படத்துல எதையும் மாத்தாம அதையே திரும்ப கொடுத்தா முதல் லெட்டரே ஃபைனலா வரலாம், அரியர்ல அதே தப்பு விடைய எழுதின மாதிரி. சிபிஏவோட சேத்தே திருத்தின படத்தையும் கொடுத்துடணும். ஃபைனலுக்கு அப்புறம் நாம அனுப்பற திருத்தத்த ஆபீஸ் எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல, எடுத்துக்காம விட்ட அந்த திருத்தத்தையே சிபிஏல சேக்கச் சொல்லி கேக்கலாம். எங்களுக்கு என்ன பண்ணியிருக்கணும்னு சித்தி பொண்ணு ஒரு பேப்பர் நாப்கின்ல வரைஞ்சு காட்டினா. விளிம்புல தப்பா வந்த கோட்ட எடுத்துடணும், காடி சந்தேகமா இருக்குன்னா அந்தக் குமிழ் இருக்கற இடத்தயே புள்ளிக்கோடா மாத்தி இது எங்களுக்கு வேணாம்னு விட்டுக் கொடுத்துடலாம், அடுக்குப்பானை வளைவும் பட்டையோட வளைவும் கெட்டிக்கோடுல நிக்கும். எங்க கேரியர யார் பாத்தாலும் அந்த வளைவத்தான் பாப்பாங்க, குமிழ யார் பாக்கறா. ஒரு நாள் வேலை அக்கா அது, அரை நாள் கூட ஆகாதுன்னு சொன்னா, எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடு எறங்கல.

எக்ஸாமினர்கிட்ட போன்லயோ வீடியோலயோ பேசக்கூட முடியும், இன்டர்வியூன்னு கேட்டு வாங்கலாம், அதையும் யாரும் எங்களுக்கு சொல்லல. சிபிஏ வேணாம்னா அதே படத்த வெச்சு தொடர்ச்சி அப்ளிகேஷன்னு புது நம்பர்லயும் போடலாம், அதுவும் முந்தினது உயிரோட இருக்கும்போதே போடணும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும், ஹேக் ஒப்பந்தம் வழியா சர்வதேச அப்ளிகேஷனா போட்டிருந்தா அதுக்கு சிபிஏ கிடையாது, இந்தியா அந்த ஒப்பந்தத்துல இல்லைங்கறதால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரும்பாலும் வராது.

இவ்ளோ தெரிஞ்ச பிறகு, சரி இப்பவாவது உயிர்ப்பிக்க முடியுமான்னு பாத்தேன். அமெரிக்காவுல தவறிப்போன அப்ளிகேஷன திரும்ப உயிர்ப்பிக்க மனு போடலாம், ஆனா வேணும்னு விட்டதா இருக்கக் கூடாது, அறியாம தாமதம் ஆனதா இருக்கணும். மெயில் ஸ்பேம்ல போயிடுச்சு, தேதி தப்பா குறிச்சுட்டாங்க, அந்த மாதிரி. இத ஜெயிக்க முடியாதுன்னு நினைச்சு முடிவெடுத்து விட்டா அது வேணும்னு விட்டதுதான்னு அவங்க கையேடு தெளிவா சொல்லுது. என்னோட மெயில் இருக்கே சார். மேற்கொண்டு நடத்த விருப்பமில்லன்னு நானே எழுதினது. வேற வழி இருக்குன்னு தெரியாம எழுதினோம்னு சொன்னா, அது அவங்க விதிக்குள்ள வராது. புதுசா போடலாம்னா, நாமளே வெளிய காட்டின தேதில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அங்க போட்டிருக்கணும், 2022 தீபாவளிக்கு வித்தாச்சு, எங்க கேரியரோட போட்டோவே எங்களுக்கு எதிரா நிக்குது. இன்னைக்கு அங்க ஆன்லைன்ல எங்க உப்பல அப்படியே எடுத்து, தகடு கனத்த கம்மி பண்ணி, பாதி விலைக்கு விக்கறாங்க. அத்தை பையன் ஒண்ணு வாங்கி போட்டோ அனுப்பினான், பட்டையோட வளைவு மில்லிமீட்டர் கூட மாறல. அப்பா அந்த போட்டோவ பெருசாக்கி ரொம்ப நேரம் பாத்துட்டு, நல்லா அடிச்சிருக்கான்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டார். ஃப்ரேம் போட்ட இந்திய சர்டிஃபிகேட் அங்க செல்லாது.

இது அமெரிக்கா விஷயம், நமக்கென்னன்னு நினைக்க வேணாம், இங்கயும் நிலைமை ஒண்ணும் சுலபம் இல்ல. எங்க தெருவுலயே ஒரு அண்ணன் கதவுக்கு கைப்பிடி பண்றவர், பித்தளைல வாழைப்பூ மாதிரி ஒரு பிடி பண்ணி இங்க டிசைனுக்கு போட்டார். இந்திய சட்டத்துல, ஆட்சேபம் எப்ப வந்தாலும், அப்ளிகேஷன் போட்ட தேதில இருந்து 6 மாசத்துக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணி முடிக்கணும், அந்த 6 மாசம் முடியறதுக்கு முன்னாடியே தனியா ஃபாரம் போட்டு ஃபீஸ் கட்டினா இன்னும் 3 மாசம் கிடைக்கும். ஆட்சேபம் லேட்டா வந்தா நம்ம கையில இருக்கற நாள் அவ்ளோக்கவ்ளோ கம்மி, பலபேர் லெட்டர் வந்த தேதில இருந்து எண்ணிட்டு இருக்காங்க, அண்ணனும் அப்படித்தான் எண்ணினார். தாண்டிட்டா அப்ளிகேஷன் கைவிட்டதா ஆயிடும். பதிவான டிசைன்ல நீட்டிப்பு ஃபீஸ் கட்ட மறந்தா ஒரு வருஷத்துக்குள்ள மீட்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா பதிவாகறதுக்கு முன்னாடியே செத்துப்போன அப்ளிகேஷனுக்கு அந்த மாதிரி மீட்பு இல்ல. திரும்ப புதுசா போடலாம்னா அதுக்குள்ள அண்ணன் பிடிய பாரிஸ் கார்னர் கடைல எல்லாம் போட்டாச்சு, நாமளே முன்கூட்டி வெளிய விட்டாலும் இங்க அது புதுசு இல்லன்னு ஆயிடும், அமெரிக்கா மாதிரி ஒரு வருஷ சலுகை இங்க பொதுவா கிடையாது, அறிவிப்பு கொடுத்துட்டு கண்காட்சில வெச்சா மட்டும் 6 மாசம் விடறாங்க. அமெரிக்கா சிபிஏ மாதிரி ஒரு தொடர்ச்சி வழியும் இங்க இல்ல. ஹியரிங் கேக்கலாம், மறுத்தா ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம், வாழைப்பூ பிடிக்கு ஐகோர்ட் வரைக்கும் யார் சார் போவாங்க.

2024 நவம்பர்ல ரியாத்ல டிசைன் சட்டத்துக்குன்னே ஒரு உலக ஒப்பந்தம் முடிவாச்சு, அதோட இறுதி ஆவணத்துல இந்தியாவும் கையெழுத்து போட்டிருக்கு. அதுல 12 மாச சலுகைக் காலம் இருக்கு, கெடு தவறினவங்களுக்கு நிவாரணம் இருக்கு, போன உரிமைய மீட்கறதுக்கும் வழி இருக்கு. ஆவணத்துல கையெழுத்து போடறது வேற, ஒப்பந்தத்துல சேந்து நம்ம சட்டத்த மாத்தறது வேற, ரெண்டாவது நடந்தாதான் எங்க தெரு அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு பிரயோஜனம். இதுக்கு நம்ம எம்பிக்கள் யாராவது சபைல ஒரு கேள்வி கேட்டா நல்லாருக்கும், தமிழ்நாட்டுல இருந்து கேக்கறதுக்கு நமக்குதான் காரணம் ஜாஸ்தி, அம்பத்தூர், கோயம்புத்தூர், சிவகாசி, கும்பகோணம்னு உருவத்த நம்பி பொழைக்கறவங்க இங்க அவ்ளோ பேர் இருக்காங்க.

சட்டம் மாறற வரைக்கும் காத்திருக்காம பண்ணக்கூடியதும் இருக்கு. ஆபீஸ்ல இருந்து வர்ற ஆட்சேப லெட்டர்ல மேலேயே, பெரிய எழுத்துல, கடைசித் தேதி இதுன்னு போடலாம். ஏஜென்ட்டுக்கு மெயில் போனாலும் அப்ளிகேஷன்காரரோட போனுக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகலாம், தமிழ்ல போனா இன்னும் நல்லது, கேஸ் சிலிண்டர் புக் பண்ணா கூட எஸ்எம்எஸ் வருது. மாவட்ட தொழில் மையம் நடத்தற பயிற்சில லோனப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசறாங்க, இதுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கலாம். அப்புறம் இந்த வேலை பாக்கற வக்கீல்கள், ஏஜென்ட்டுகள்கிட்ட கெஞ்சிக் கேக்கறேன், மறுப்பு வந்தா போன்ல விட்டுடுங்கன்னு சொல்லாதீங்க. இருக்கற வழி என்னென்ன, ஒவ்வொண்ணுக்கும் என்ன செலவு, கடைசித் தேதி என்னன்னு ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க. வேணாம்னு முடிவு பண்றது எங்க உரிமை, ஆனா தெரிஞ்சு முடிவு பண்ணணும்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வாரத்துல ஒரு நாள், கால் பக்கம் போதும், டிசைன், டிரேட்மார்க், பேட்டன்ட் இதுல அப்ளிகேஷன் போட்ட பிறகு என்ன நடக்கும்னு தெரிஞ்ச ஒருத்தர வெச்சு எழுத வைங்க. எப்படி போடறதுன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க, நடுவுல மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னுதான் ஆள் இல்ல. கையில ஃபைனல்னு ஒரு லெட்டர வெச்சுட்டு இன்னைக்கு உங்க பேப்பர படிக்கறவங்க யாராவது இருக்கலாம், அவங்க முதல்ல லெட்டர் தேதிய பாத்து 6 மாசத்த எண்ணணும், அப்புறம் சிபிஏ போட முடியுமான்னு எழுத்துல கேக்கணும். விட்டுடறோம்னு மட்டும் மெயில் போட்டுடாதீங்க.

அப்பா இப்ப ஒரு காபி ஃபில்டர் பண்ணிட்டு இருக்கார், மேல் பாத்திரமும் கீழ் பாத்திரமும் சேர்ற இடத்துல தாமரை இதழ் மாதிரி ஒரு மடிப்பு. இந்த தடவை ஏழு படத்தையும் ஏஜென்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி சித்தி பொண்ணு பாத்தா, ரெண்டு இடத்துல இதழோட எண்ணிக்கை மாறியிருந்துச்சு, முன்பக்கம் எட்டு, கீழ்ப்பக்கம் ஏழு. திருத்தியாச்சு. வர்ற திங்கக்கிழமை கிண்டிக்கு போறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை.
(பேர் வேண்டாம் சார், ஊர் மட்டும் போடுங்க.)